மார்பக அறுவைக்குப் பின் தோள்பட்டையைப் பழக்குவது எப்படி?

"ரெண்டு கையையும் தலைக்கு மேல வெச்சுப் படுங்கம்மா" என்றார், கதிர்வீச்சுக்கு அளவெடுக்கும் சிடி ஸ்கேன் அறையில் இருந்த பெண். இடது கை போனது. வலது கை தோள் உயரம் வரை வந்து, துருப்பிடித்த கீல் மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. அவர் மெல்லப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து ஓடி வந்துவிட்டார். "பிசியோ பண்ணிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

அப்போது எனக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து ஐந்து வாரம். கீமோ எனக்கு முதலிலேயே முடிந்திருந்தது. அந்த ஐந்து வாரமும் வலது கையை மடக்கி நெஞ்சோடு அணைத்து, அடியில் ஒரு தலையணை கொடுத்து, கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டேன். "ஆட்டாதடி, தையல் பிரிஞ்சிடும்" என்று அம்மா ஒரு பக்கம், "தண்ணி டம்ளரைக்கூட நீ எடுக்க வேண்டாம்" என்று மாமியார் ஒரு பக்கம். எல்லாம் பாசம்தான். பயிற்சிகள் போட்ட ஒரு தாளை வீட்டுக்கு அனுப்பும்போதே கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது, ஃபைலுக்குள் போனது, அதோடு சரி.

அதனால் இந்தக் கட்டுரை, இனிமேல் அறுவைக்குப் போகப்போகிறவர்களுக்கும், போய்விட்டு முதல் வாரத்தில் இருப்பவர்களுக்கும். உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதைத்தான் கேட்க வேண்டும். வயிற்றுத் தசையோ முதுகுத் தசையோ எடுத்து மார்பைத் திரும்ப அமைத்தவர்களுக்கும், இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கும் கணக்கே வேறு. அவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

முதலில், உங்களுக்கு என்ன எடுத்தார்கள்?

டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்து ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: அக்குளில் ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) மட்டும் எடுத்துச் சோதித்தார்களா, அல்லது அவற்றை மொத்தமாக எடுத்துச் சுத்தம் செய்தார்களா? முதலாவது என்றால் தோள் பெரும்பாலும் சீக்கிரம் வழிக்கு வந்துவிடும். இரண்டாவது என்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், கை வீங்கும் வாய்ப்பும் கூடுதல்.

மார்பில்தானே கத்தி வைத்தார்கள், தோள் ஏன் பிடித்துக்கொள்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். தோள் மூட்டை யாரும் தொடவில்லை என்பது உண்மைதான். ஆனால் மார்புத் தசையின் ஓரமும் அக்குளின் தோலும் கையைத் தூக்கும்போது விரிந்துகொடுக்க வேண்டிய இடங்கள். அங்கே தழும்பு இறுகினால் கை பாதியில் நிற்கும். வலிக்குப் பயந்து தூக்காமலே விட்டால் அப்புறம் மூட்டின் உறையும் சுருங்கிவிடும். சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இறுகுவது இன்னும் எளிது. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1894இல் எழுதிப் பரவலான பழைய முறையில் மார்புத் தசையையே எடுத்துவிடுவார்கள். இன்று பொதுவாகச் செய்யும் அறுவையில் அந்தத் தசை அப்படியே இருக்கிறது. அதாவது தூக்குவதற்கான இயந்திரம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, நாம்தான் ஓட்ட வேண்டும்.

இன்னொன்று: மேல்கையின் உள்பக்கமும் அக்குளும் மரத்துப்போயிருக்கும், சில நேரம் எறும்பு ஊறும், திடீரென்று சுரீர் என்று இழுக்கும். அக்குள் வழியாகப் போகும் ஒரு தொடு உணர்ச்சி நரம்பு அறுவையில் அறுபடுவதாலோ இழுபடுவதாலோ வருவது இது. மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு அந்த இடம் மரத்தே இருந்துவிடும். கையை ஆட்டியதால் வந்தது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன்.

அறுவைக்கு முன்பே செய்ய வேண்டியவை

இரண்டு கைகளையும் எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது என்று பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தையல் டேப்பால் இரண்டு கைகளின் சுற்றளவையும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: மணிக்கட்டு, முழங்கைக்குப் பத்து செ.மீ. கீழே, பத்து செ.மீ. மேலே. பின்னால் கை வீங்குகிறதா என்ற சந்தேகம் வரும்போது இந்தச் சீட்டு தங்கம். முன்பக்கம் ஜிப்போ பட்டனோ வைத்த நைட்டி நான்கு வாங்கிக்கொள்ளுங்கள், தலை வழியாகப் போடுவது முதல் வாரங்களில் நடக்காது. காப்பித்தூள், சர்க்கரை டப்பாக்களை மேல் அலமாரியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள்.

டிரெயின் இருக்கும் நாட்கள்

அக்குளிலிருந்து ஒரு குழாய் வந்து பையிலோ அமுக்கிய குப்பியிலோ முடியும். அதற்கு ஆஸ்பத்திரியில் டிரெயின் என்று பெயர். "டிரெயின் எப்போ?" என்று நர்ஸிடம் நான் கேட்டதைக் கேட்டுப் பக்கத்துப் படுக்கைப் பாட்டி, "எந்த ஊருக்குப் போற?" என்றார். ஒரு நாளில் வடியும் நீர் சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகு இதை எடுப்பார்கள். ஒவ்வொரு டாக்டருக்கும் கணக்கு சற்று மாறும்.

இந்த நாட்களில் விதி ஒன்றுதான்: முழங்கை தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குக் கீழே என்ன வேண்டுமானாலும் செய்யலாம், செய்ய வேண்டும். ஆரம்பத்திலேயே தலைக்கு மேல் தூக்கினால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். கையைத் தூளியில் கட்டிப் போட்டால் தோள் இறுகும். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில்தான் முதல் வாரம் ஓடும்.

அறுவை முடிந்த மறுநாளே பெரும்பாலும் தொடங்கச் சொல்வார்கள். கையைத் தலையணை மேல் நெஞ்சுக்குச் சற்று உயரமாக வைத்து, விரல்களை இறுக்கி மூடித் திறங்கள், 15 முதல் 25 முறை. முழங்கையை மடக்கி நீட்டுங்கள். இரண்டு தோள்களையும் காதுவரை ஏற்றி, "எனக்கென்ன தெரியும்" என்று சொல்கிற மாதிரி, இறக்குங்கள். முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைப்பது போலப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணி விடுங்கள். மூச்சை வயிறு வரை இழுத்து விடுங்கள், ஐந்தாறு முறை. வலிக்குப் பயந்து நாம் மேலோட்டமாகத்தான் மூச்சு விடுகிறோம், அதில் நெஞ்சே பலகை மாதிரி ஆகிவிடுகிறது. இதெல்லாம் நாளைக்கு மூன்று வேளை, ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும்.

சாப்பிடுவது, முகம் கழுவுவது, பல் தேய்ப்பது எல்லாம் அந்தக் கையாலேயே செய்யுங்கள். தலை வாருவதற்கு மட்டும் ஒரு உபாயம்: மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு தலையைச் சீப்புக்குக் கொண்டுபோங்கள். படுக்கும்போது அந்தப் பக்கம் சாய வேண்டாம்.

டிரெயின் எடுத்த பிறகு: சுவர், கம்பு, வாளி

குழாயை எடுத்து, "இனி தூக்கலாம்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்துதான் உண்மையான வேலை. இதைத் தள்ளிப்போடுவதில் லாபம் எதுவும் இல்லை. பிரிட்டனில் 17 புற்றுநோய் மையங்களில், தோள் பிரச்சினை வர வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. அறுவைக்குப் பின் ஏழு முதல் பத்து நாளுக்குள் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டிப் பயிற்சி தொடங்கியவர்களுக்கு, துண்டுப் பிரசுரம் மட்டும் வாங்கிப்போனவர்களைவிட ஒரு வருடம் கழித்தும் கை நன்றாக வேலை செய்தது. புண்ணோ வீக்கமோ அதனால் கூடவில்லை. அம்மாவிடமும் மாமியாரிடமும் காட்ட வேண்டிய தகவல் இது.

பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து வந்த உடனே செய்தால் தசை கொஞ்சம் இளகிக்கொடுக்கும்.

முதலில் வாளி. நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைக் கிணற்றுக் கயிற்றில் தொங்கும் வாளி போலத் தொங்கவிடுங்கள். கையை நாம் சுழற்றக் கூடாது. உடம்பை லேசாக ஆட்டினால் அது தானாக ஆட வேண்டும். முன்னும் பின்னும், பக்கவாட்டில், சின்ன வட்டமாக. இரண்டு நிமிடம்.

அடுத்து கம்பு. ஒட்டடைக் கம்போ மாப் கம்போ போதும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துத் தலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். நல்ல கை இழுக்கும், மற்றது கூடப் போகும். இழுக்கிற இடத்தில் ஐந்து எண்ணி நிறுத்தி, திரும்ப வாருங்கள். ஐந்து முதல் ஏழு முறை. அதே படுக்கையில் இரண்டு கையையும் கோத்துப் பின்கழுத்தில் வைத்து, முழங்கைகளை மெத்தையைத் தொடுமளவு விரியுங்கள். ஆரம்பத்தில் தொடாது. எனக்கு முதல் நாள் மெத்தைக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு தலையணை முழுசாக நுழையும் இடைவெளி இருந்தது. அந்தத் தலையணையையே அங்கே வைத்து அதன்மேல் முழங்கையைச் சாய்த்துக்கொண்டேன். வாரம் போகப் போகத் தலையணை போர்வையாகி, போர்வை துண்டாகி, அப்புறம் ஒன்றும் தேவைப்படவில்லை.

அப்புறம் சுவர். எனக்குத் தோளைத் திருப்பிக் கொடுத்தது இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சுவரைப் பார்த்து ஓரடி தள்ளி நில்லுங்கள். விரல்களைச் சுவரில் வைத்து, பல்லி ஏறுவது போல ஒவ்வொரு விரலாக மேலே ஏற்றுங்கள். நின்றுபோகும் இடம் வரும். அங்கே ஐந்து எண்ணுங்கள், மூச்சை அடக்காதீர்கள், பிறகு அதே மாதிரி விரலாலேயே இறங்குங்கள். கையைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது, இறங்குவதும் பயிற்சிதான். ஐந்து முதல் பத்து முறை. பிறகு சுவருக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று அதையே செய்யுங்கள், இது கூடுதல் கஷ்டம்.

இதில் எல்லோரும் செய்யும் திருட்டு ஒன்று உண்டு. கை ஏறாதபோது தோளைக் காதுவரை ஏற்றிக்கொள்வோம், அல்லது இடுப்பைப் பின்னால் வளைப்போம். விரல் மேலே போனது போலத் தெரியும், தோள் மூட்டு அசைந்திருக்காது. என் பிசியோதெரபிஸ்ட் என் தோள்மேல் ஒரு விரலை வைத்து, "இது ஏறினா கணக்குல சேராதும்மா" என்பார். வீட்டில் செய்யும்போது பக்கத்தில் ஒரு கண்ணாடி இருக்கட்டும்.

ஏறிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவோரம் முதல் கோடு என் மூக்கு உயரத்தில் இருந்தது. பத்தாம் நாள் நெற்றி. அதற்கடுத்த இரண்டு நாள் கீழே இறங்கிவிட்டது, அழுதேன். காலையில் இறுகியும் சாயந்திரம் இளகியும் இருக்கும் என்பதும், ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. வாடகை வீடு. வீட்டு ஓனர் வந்து அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "பேரன் உயரமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வலி எவ்வளவு வரை சரி? இழுப்பது சரி. குத்துவது சரியில்லை. நிறுத்திய பிறகும் வெகுநேரம் வலித்தால் அன்று அளவு மிஞ்சிவிட்டது, மறுநாள் கொஞ்சம் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். ஒரு நாள் முரட்டுத்தனமாக அரை மணி நேரம் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கொள்வதைவிட, தினமும் மூன்று வேளை பத்து நிமிடம் மேல். ஒழுங்காகச் செய்தால் பலருக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் கை ஏறக்குறைய பழையபடி வந்துவிடுகிறது.

சுளுக்கு எடுப்பவரிடம் காட்டுவது, தைலம் போட்டு அழுத்தி உருவிவிடுவது, சுடச்சுட ஒத்தடம் கொடுப்பது மூன்றும் வேண்டாம். தோல் மரத்திருப்பதால் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் தெரியும். புண் முழுவதும் ஆறிய பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டு விரல் நுனியால் மெல்ல வட்டமாகத் தேய்க்கலாம். அது தழும்பை இளக்கும்.

வீட்டு வேலையே பயிற்சிதானே?

இப்படிச் சொல்லாத ஆளே இல்லை. யோசித்துப் பாருங்கள்: காய் நறுக்குவது, சாம்பார் கிண்டுவது, சப்பாத்தி தேய்ப்பது, பாத்திரம் கழுவுவது, எல்லாம் மார்புக்குக் கீழே நடக்கிற வேலை. நாள் முழுக்கச் செய்தாலும் கை ஒரு தடவைகூடத் தோளைத் தாண்டாது. அசதிதான் மிச்சம். கொடியில் துணி காயப்போடுவது மட்டும் விதிவிலக்கு. ஈரச் சேலையை விட்டுவிட்டுக் கைக்குட்டை, ஜாக்கெட் என்று லேசானவற்றை நீங்கள் போடுங்கள்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தோளைக் குறுக்கிக் கூனி நடக்கும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு வந்துவிடுகிறது. மார்பை மறைக்கத்தான். கூனிய தோளோடு கையைத் தூக்கிப் பாருங்கள், நிமிர்ந்து நின்று தூக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். உள்ளே வைக்கும் செயற்கை மார்பு பேட் பற்றிக் கூச்சப்படாமல் நர்ஸிடம் கேளுங்கள்.

அக்குளில் கயிறு மாதிரி வந்தால்

சில வாரங்கள் கழித்து, நன்றாகப் போய்க்கொண்டிருந்த கை திடீரென்று இழுக்கும். கையை நீட்டிப் பார்த்தால் அக்குளிலிருந்து முழங்கை வரை, சிலருக்குக் கட்டைவிரல் அடிவரைகூட, தோலுக்கடியில் வீணைத் தந்தி போல ஒன்று விறைத்து நிற்கும். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று பயந்துபோவார்கள். அது நரம்பு இல்லை. நிணநீர்க் குழாய்கள் இறுகுவதால் வருவதாகக் கருதுகிறார்கள். நோய் திரும்பியதற்கான அடையாளமும் இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும். கையை நீட்டி இழுக்கும் பயிற்சிகளைத் தொடர வேண்டும், பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால் அதை மெல்ல இளக்கிவிடத் தெரியும். இதற்குப் பயந்து கையை மடக்கியே வைப்பதுதான் தப்பு.

கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதற்கு முன்னும் பின்னும்

கதிர்வீச்சின்போது சாய்ந்த பலகையில் படுத்து, கையைத் தலைக்கு மேலே ஒரு பிடியில் வைத்து, அசையாமல் கிடக்க வேண்டும். மூன்று வாரமோ ஐந்து வாரமோ, வாரத்தில் ஐந்து நாள். எனவே அளவெடுக்கும் தேதி தெரிந்த உடனே வீட்டில் ஒத்திகை பாருங்கள்: மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேலே தலையணையில் வைத்து, பதினைந்து நிமிடம். முடியவில்லை என்றால் தேதிக்கு முன்பே சொல்லுங்கள்.

கரண்ட் வைத்தால் தசை மீண்டும் இறுகும், அதுவும் உடனே அல்ல, சில மாதங்கள் கழித்து. "முடிஞ்சுது" என்று எல்லாரும் பயிற்சியை விடும் நேரம் அதுதான். சிகிச்சை நடக்கும்போதும், முடிந்து குறைந்தது ஒரு வருடமும் சுவரை விடாதீர்கள். தோல் கறுத்து உரியும் நாட்களில் மட்டும் இழுக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

பாரமும் வீக்கமும்

முதல் நான்கு முதல் ஆறு வாரம் அந்தக் கையில் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஒரு லிட்டர் பால் பாக்கெட் இரண்டு, அவ்வளவுதான் எல்லை. தண்ணீர்க் குடம், குக்கர் நிறையச் சோறு, கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எல்லாம் அதற்கு மேல்.

ஆனால் "வாழ்நாள் முழுக்கப் பாரம் தூக்காதே" என்ற பழைய அறிவுரை இப்போது நிற்கவில்லை. அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வந்தது. ஒரு வருடம் படிப்படியாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் மற்றவர்களைவிடக் கூடவில்லை, வீக்கம் திடீரென்று மோசமாவது அவர்களிடம்தான் குறைவாக இருந்தது. படிப்படியாக என்பதுதான் முக்கியம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி, கை என்ன சொல்கிறது என்று பார்த்து ஏற்றுங்கள்.

வீக்கத்தை முதலில் காட்டிக்கொடுப்பது வளையல். நேற்று வரை உருண்ட வளையல் இன்று அழுத்தித் தடம் போட்டால், ஜாக்கெட் கை இறுகினால், கை கனத்தால், டேப்பை எடுங்கள். மற்றக் கையைவிட, பழைய சீட்டைவிட, இரண்டு செ.மீ. கூடியிருந்தால் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் கட்டுப்படுத்துவது எளிது. அந்தக் கையில் கீறல், தீக்காயம், கொசுக்கடியைச் சொறிந்த புண் எதையும் அலட்சியப்படுத்த வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்க நீளமான கைப்பிடித் துணி, பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை. ஊசியும் பிரஷர் பார்ப்பதும் முடிந்தவரை மற்றக் கையில் இருக்கட்டும். அவசரத்தில் யாராவது இதே கையில் பார்த்துவிட்டால் தூக்கம் கெட வேண்டியதில்லை. பிரஷர் பார்ப்பதாலும் ஊசியாலும் வீக்கம் வருவதாகச் சமீபத்திய ஆய்வுகளில் தெரியவில்லை. தொற்று, அதிக உடல் எடை, அக்குளை முழுதாகச் சுத்தம் செய்தது, அங்கே கதிர்வீச்சு கொடுத்தது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

உடனே போக வேண்டிய நேரம்: கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால், தையல் இடத்தில் சீழோ துர்நாற்றமோ இருந்தால், அக்குளில் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால், கை முழுவதும் திடீரென்று வீங்கி நீலம்பாரித்தால். சுவரைக் கையால் தள்ளும்போது முதுகில் தோள்பட்டை எலும்பு ஒரு பக்கம் மட்டும் சிறகு போலப் பிதுங்கினால், அவசரம் இல்லை, ஆனால் அடுத்த முறை மறக்காமல் காட்டுங்கள். அது ஒரு நரம்பு சம்பந்தப்பட்டது, அதற்குத் தனிப் பயிற்சி உண்டு.

பிசியோதெரபிஸ்டைத் தினமும் பார்க்க வேண்டியதில்லை. மூன்று நான்கு முறை போய்ச் சரியாகச் செய்கிறோமா என்று காட்டிக்கொண்டால் மீதியை வீட்டுச் சுவர் பார்த்துக்கொள்ளும். அதற்கும் பயண வசதி இல்லாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் சேர்த்தி. கேட்கும்போது டிஸ்சார்ஜ் தாளையும், ஃபைலுக்குள் போன அந்தப் பயிற்சித் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.